வீட்டில்தான் இருந்தேன், ஐயா!

குடித்தனம் நடப்பது பெரிய சாமான்களாலா, சின்னச் சாமான்களாலா? என்னைக் கேட்டால் சின்னச் சாமான்களால்தான் என்பேன். பீரோவும் கட்டிலும் ஒரு தரம் வாங்கிப் போட்டால் பத்து வருஷம் பேசாமல் நிற்கும். குக்கர் காஸ்கெட், மிக்ஸி ஜாரின் அடியில் சுழலும் கப்ளர், கிரைண்டர் பெல்ட், குழாய்க்கு வாஷர், குழந்தையின் நெபுலைசருக்கு மாஸ்க், பள்ளி யூனிஃபாரத்துக்கு ஒரு டஜன் பொத்தான்... இவைதான் தினம் தினம் நம்மை ஆட்டி வைக்கின்றன! விலை என்னவோ ஐம்பது, நூறு, நூற்றைம்பதுதான். இல்லாவிட்டாலோ, அன்றைய சமையலே நின்றுவிடும்.

இந்த மாதிரிச் சாமான்களைத்தான் இப்போது செல்போனில் ஆர்டர் கொடுத்து வாங்குகிறோம். சும்மா ஆசைக்கு அல்ல. கடைக்காரரே, "அந்த மாடல் இப்ப வர்றதில்லைம்மா, ஆன்லைன்ல பாருங்க" என்று கையை விரித்துவிடுகிறார். கைக்குழந்தையை வைத்துக் கொண்டு கடை கடையாக ஏறி இறங்கவும் முடிவதில்லை. ஆர்டர் கொடுப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். அதற்குப் பிறகுதான் இருக்கிறது கூத்து!

"இன்று டெலிவரி" என்று செய்தி வரும். பார்சல் வராது. "பார்சலைக் கொடுத்தாகிவிட்டது" என்று வரும். யாரிடம் கொடுத்தார்கள் என்று தெரியாது. கீழே வாட்ச்மேனிடமா, எதிர் வீட்டிலா, மீட்டர் பெட்டியின் மேலா என்று தேட வேண்டும். பெரிய விலைச் சாமானாக இருந்தால் கேட்க நாலு பேர் வருவார்கள். நூறு ரூபாய்ச் சாமானுக்கு யார் வருவார்கள்? "போனால் போகட்டும் விடு" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். இந்த 'போனால் போகட்டும்' விஷயத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன், சகோதரிகளே!

மூன்று நாள், மூன்று காரணம்

திருச்சியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. சென்ற வருஷம் எங்கள் ஐந்து லிட்டர் குக்கரின் காஸ்கெட் இறுகிப் போய், மூடியைச் சுற்றி ஆவி கசிய ஆரம்பித்தது. மாமியாருக்குப் பல் செட். சாதம் குழைய வேண்டும். குழந்தைக்குப் பருப்பு மசிய வேண்டும். இரண்டு பாத்திரக் கடைகளில் கேட்டாயிற்று. பழைய மாடல், இல்லை என்றார்கள். ஆன்லைனில் இருந்தது. காஸ்கெட் 129 ரூபாய், டெலிவரிக்கு 40 ரூபாய். பணத்தை முன்னதாகவே கட்டினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, "உங்கள் பார்சல் இன்று வருகிறது" என்று செய்தி. அன்றைக்கு நான் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போகவில்லை. "ரேஷன்ல துவரம் பருப்பு போடறாங்க, வர்றியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். "நீங்க போங்கக்கா, எனக்குப் பார்சல் வருது" என்றேன். குளிக்கப் போகும்போதுகூடச் செல்போனை மாமியார் கையில் கொடுத்து, "அத்தை, மணி அடிச்சா எடுத்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மணி அடிக்கவில்லை. மாலை 6.40க்குச் செய்தி மட்டும் வந்தது: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. மறுபடி முயற்சி செய்வோம்."

செவ்வாய்க்கிழமையும் காத்திருந்தேன். சாயந்தரம் செய்தி: "முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை." அதே முகவரிக்குத்தான் தினம் விடியற்காலையில் பால் வருகிறது. கேஸ் சிலிண்டர் வருகிறது. எல்.ஐ.சி. கடிதம் வருகிறது. காஸ்கெட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லையாம்!

புதன்கிழமை வந்த செய்திதான் எல்லாவற்றுக்கும் மேல். "வாடிக்கையாளர் வாங்க மறுத்துவிட்டார். பார்சல் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது."

மறுத்துவிட்டேனா? நானா? மூன்று நாளாக வாசல் மணியின் மேல் காதை வைத்துக் கொண்டிருந்த நானா?

அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் 129 ரூபாய்க்கானது அல்ல. நம்மைப் பார்த்து, "நாள் பூரா வீட்டிலேதானே இருக்கே" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! வீட்டில் இருப்பவளின் நேரத்துக்கு விலை இல்லை என்று ஒரு எண்ணம். அதைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். ஆனால் வீட்டில் இருந்தவளை 'இல்லை' என்றும், கேட்டவளை 'மறுத்தாள்' என்றும் எழுதி வைத்தால்? பொய்யை எழுதியது அவர்கள், பெயர் மட்டும் என்னுடையது!

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். முதலில் மெஷின் பேசியது. பிறகு ஒரு பெண் பேசினாள். "சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம். எங்க ரெக்கார்டுல நீங்க மறுத்ததாத்தான் இருக்கு" என்றாள். அவள் மேல் என்ன தப்பு? அவளுக்குத் தெரிவது திரையில் உள்ள அந்த ஒரு வரிதான்.

"அதுல அந்தப் பட்டன் இல்லைக்கா!"

சனிக்கிழமை என் கணவருக்கு விடுமுறை. இருவருமாக ஸ்கூட்டரில் கிளம்பி, அந்தக் கூரியரின் கிடங்கைத் தேடிப் போனோம். ஊருக்கு வெளியே, பைபாஸ் ரோட்டின் பக்கம், தகரக் கொட்டகை. உள்ளே மலை மலையாகப் பார்சல்கள். இளம் பையன்கள் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பெரிய பையில் அடுக்கிக் கொண்டிருந்தார்கள். எங்கள் காஸ்கெட் அதற்குள் திரும்பிப் போய்விட்டது. ஆனாலும் அங்கே ஒரு பையன் சொன்ன விஷயத்துக்காகவே போய் வந்தது நல்லதாயிற்று என்று நினைக்கிறேன்.

"அக்கா, காலையில பை நெறைய ஏத்தி விட்டுடுவாங்க. ஒரு பார்சல் கொடுத்தா இவ்வளவுன்னு காசு. கொடுக்கலேன்னா காசு இல்லை. பெட்ரோல் எங்க கைக்காசு. பணம் வாங்க வேண்டிய பார்சல், பெரிய விலைப் பார்சல் எல்லாம் முதல்ல முடிக்கச் சொல்வாங்க. சின்னக் கவர் எல்லாம் பைக்கு அடியில போயிடும். சாயந்தரம் மிச்சம் இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் போன்ல ஒரு காரணத்தை அழுத்தினாத்தான் கணக்கை முடிச்சுட்டு வீட்டுக்குப் போக முடியும். வீட்டுல ஆள் இல்லை, அட்ரஸ் தப்பு, வேணாம்னுட்டாங்க... இதெல்லாம் இருக்கும். 'எனக்கு நேரம் பத்தலை'ன்னு ஒரு பட்டன் அதுல இல்லைக்கா!"

கேட்டீர்களா? நேரம் போதவில்லை என்ற உண்மையைச் சொல்ல அவனுக்கு வழி இல்லை. அதனால் பழி நம் தலையில் விழுகிறது. பெரும்பாலான கூரியர்களில் மூன்று முறை முயற்சி என்பது கணக்கு. மூன்று பொய் சேர்ந்தால் பார்சல் திரும்பிவிடும். இதைத் தெரிந்து கொண்டால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முதல் பொய் வந்த அன்றே பேச வேண்டும். மூன்றாவது வரை காத்திருந்தால் சாமான் ஊர் தாண்டிவிடும்.

அம்மா காலத்து வி.பி.பி.

தபாலில் சாமான் வரவழைப்பது நமக்கொன்றும் புதிதல்ல. அம்மா காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் புடவை, கைக்கடிகாரம், கூந்தல் தைலம் என்று வி.பி.பி. விளம்பரங்கள் வரிசையாக இருக்கும். ஒரு கார்டு எழுதிப் போட்டால் பார்சல் வரும். தபால்காரர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். 1877-லேயே இந்தியத் தபால் துறை கொண்டு வந்த ஏற்பாடு அது. இப்போது 'கேஷ் ஆன் டெலிவரி' என்று சொல்கிறோமே, அதற்கு இதுதான் பாட்டி!

அப்போதும் தாமதம் உண்டு. ஆனால் தபால்காரருக்கென்று குறிப்பிட்ட தெருக்கள் உண்டு. வருஷக்கணக்கில் அதே தெரு, அதே வாசல். யார் வீட்டில் மாமியார் பகலில் தூங்குவார், எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கூரியர் பையன்களோ மாதத்துக்கு மாதம் மாறுகிறார்கள். போன மாதம் வழி கற்றுக் கொண்டவன் இந்த மாதம் வேறு வேலையில் இருப்பான். புதுசாக வந்தவனுக்கு நம் தெருவும் ஒன்றுதான், அமெரிக்காவும் ஒன்றுதான்.

அதனால்தான் முகவரி முக்கியமாகிறது. ஒரே பெயரில் எத்தனை ஊர், எத்தனை காந்தி நகர், எத்தனை அண்ணா நகர்! இந்தக் குழப்பம் தீரத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர் என்ற உயர் அதிகாரி. அவர் வடமொழிக் கவிஞரும்கூட! ஆறு எண்களில் முதல் எண் மண்டலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்று எண்கள் சேர்ந்து, தபாலைப் பிரிக்கும் மாவட்டத்தைச் சொல்லும். திருச்சிக்கு 620. கடைசி மூன்றும் எந்தத் தபால் நிலையம் என்று காட்டும். ஓர் எண் மாறினாலும் பார்சல் வேறு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும். 2025 மே மாதம் தபால் துறை 'டிஜிபின்' என்று ஒன்றையும் கொண்டு வந்திருக்கிறது. நாடு முழுவதையும் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்துக் குறியீடு. நம் வீட்டு வாசலுக்கே தனி நம்பர் என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

சட்டம் என்ன சொல்கிறது?

"நூறு ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போறது?" என்று கேட்பீர்கள். கோர்ட்டுக்குப் போகும் முன்பே சில படிகள் இருக்கின்றன. பயப்படாமல் ஏறலாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நிறைவேறி, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் ஆன்லைன் வியாபாரத்துக்கென்றே தனி விதிகளும் வந்தன. அவற்றில் நமக்கு வேண்டியவை இவை:

ஒவ்வொரு ஆன்லைன் நிறுவனமும் குறை தீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் நாம் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

நம் புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் அவர் பதில் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

சாமான் பழுதாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலும், சொன்ன தேதி கடந்து வந்தாலும், அதைத் திரும்ப எடுத்துக் கொள்ளவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ விற்றவர் மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போன்ற காரணங்களால் ஏற்படும் தாமதம் மட்டும் விலக்கு.

நிறுவனம் அசையாவிட்டால் அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். நம் புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். இது கோர்ட் அல்ல. வக்கீல் வேண்டாம், செலவும் இல்லை.

அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி டில்லியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரியில் வந்த 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

என் விஷயத்தில் இரண்டாவது படியைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. மூன்று செய்திகளையும் செல்போனில் படம் பிடித்தேன். அந்த மூன்று நாளும் கூரியரிடமிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லை என்று காட்டும் அழைப்புப் பட்டியலையும் படம் பிடித்தேன். இரண்டையும் சேர்த்துக் குறை தீர்க்கும் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு கேட்டிருந்தேன். டெலிவரிக் கட்டணம் உட்பட 169 ரூபாயும் வேண்டும், 'மறுத்துவிட்டார்' என்ற பதிவையும் திருத்த வேண்டும். முதல் பதிலில் பணத்தைப் பற்றி மட்டும் எழுதினார்கள். 1915-ல் பதிவு செய்தேன். ஒன்பதாம் நாள் பணம் வந்தது. கூடவே, "டெலிவரிப் பதிவு தவறானது, திருத்தப்பட்டது" என்று ஒரு வரியும் வந்தது.

"அந்த வரி எதுக்கு?" என்று கேட்டார் என் கணவர். காரணம் இருக்கிறது. அடிக்கடி 'மறுப்பவர்' என்று கணக்கில் ஏறியவர்களுக்குப் பல நிறுவனங்கள் பார்சல் வந்த பிறகு பணம் கொடுக்கும் வசதியையே நிறுத்திவிடுகின்றன. அது மட்டுமா? நான் வீட்டில்தான் இருந்தேன். அப்படித்தான் எழுதப்பட வேண்டும்.

காஸ்கெட் என்ன ஆயிற்று என்கிறீர்களா? குக்கர் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு மூடியின் உள்பக்கம் உள்ள மாடல் எண்ணைச் சொன்னேன். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினார்கள். தபால்காரர் படி ஏறி வந்து கொடுத்தார். அன்றைக்கு ராத்திரியே பருப்பு மசிந்தது!

ஆர்டர் கொடுக்கும் முன் கவனியுங்கள்

1. யாருடைய போன் நம்பர்? பல வீடுகளில் ஆர்டர் கணவர் பெயரில், நம்பரும் அவருடையது. பையன் வாசலில் நின்று ஓ.டி.பி. கேட்பான். அது ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பவரின் சட்டைப்பையில் கிடக்கும்! பார்சலை வாங்கப் போகிறவர் யாரோ அவருடைய நம்பரைக் கொடுங்கள்.

2. முகவரியில் பழைய கதவு எண், புதிய கதவு எண், எந்த மாடி, எந்தப் பக்க வாசல் எல்லாம் இருக்கட்டும். 'மெயின் ரோடு' வேறு, 'குறுக்குத் தெரு' வேறு. சுருக்காமல் எழுதுங்கள். அடையாளமாக மாறாத ஒன்றைச் சொல்லுங்கள். பிள்ளையார் கோவில், தண்ணீர்த் தொட்டி என்றால் நல்லது. பெட்டிக்கடை அடுத்த மாதம் இடம் மாறிவிடும்.

3. பார்சல் வரும் நாளில் தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பையும் எடுங்கள். விளம்பர அழைப்புத் தொல்லைக்காகப் புது நம்பர்களைத் தடுத்து வைத்திருந்தால், அன்றைக்கு மட்டும் தளர்த்தி வையுங்கள்.

4. கவரைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தாமல், சாமான் வெளியே வரும் வரை எடுக்க வேண்டும். பெரிய பெண்ணோ பிள்ளையோ இருந்தால் இந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்வார்கள். ஆறு பொத்தானுக்கு நாலு வந்தால் இதுதான் சாட்சி.

5. 'வீட்டில் இல்லை' என்று பொய்ச் செய்தி வந்தால் அன்றைக்கே படம் பிடித்து, அன்றைக்கே புகார் எண் வாங்குங்கள். போனில் பேசினாலும், பேசியதைச் சுருக்கி எழுத்திலும் அனுப்புங்கள். பேச்சுக்குச் சாட்சி இருக்காது, எழுத்துக்கு இருக்கும்.

6. மருந்து சம்பந்தப்பட்ட சின்னச் சாமானை ஆன்லைனுக்காகக் காத்து வைக்காதீர்கள். வீசிங் வரும் குழந்தை உள்ள வீட்டில் நெபுலைசர் மாஸ்க்கை மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கி, ஒன்று கூடுதலாக வைத்துக் கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு இழுப்பு வந்தால் எந்தப் பார்சலும் வராது.

7. குக்கர் சாமான்களில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சேஃப்டி வால்வும் காஸ்கெட்டும் அதே கம்பெனி, அதே மாடலுக்கு உரியதாக இருக்கட்டும். பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. தரம் கட்டாயம். அந்தத் தரம் இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இரண்டு பெரிய ஆன்லைன் நிறுவனங்களுக்குத் தலா ஒரு லட்ச ரூபாய் அபராதம் போட்டது. வாங்கியவர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் சொன்னது.

8. சின்னச் சாமான்களுக்குச் சமையலறையில் ஒரு சீட்டு மாட்டி வையுங்கள். குக்கர் மாடல், மிக்ஸி மாடல், கிரைண்டர் பெல்ட் நம்பர் எல்லாம் அதில் இருக்கட்டும். டவுனுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் படம் எடுத்துக் கொண்டு போகலாம்.

பார்சல் பெயரில் மோசடி

நாம் பார்சலுக்காகத் தவித்துக் கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் திருடனும் வருவான்! "உங்கள் முகவரி முழுமையாக இல்லை. 24 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் திருத்தாவிட்டால் பார்சல் திரும்பிவிடும்" என்று தபால் துறை அனுப்பியது போலவே செய்தி வரும். தொட்டால் கார்டு விவரம் கேட்கும். இது பொய் என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2024-ல் எச்சரித்திருக்கிறது. செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாமல், நீங்கள் ஆர்டர் கொடுத்த இடத்திலேயே போய்ப் பாருங்கள்.

இன்னொரு தந்திரம்: "மேடம், உங்க ஏரியாவிலதான் நிக்கிறேன். இந்த நம்பரை அழுத்துங்க, லைன் கிடைக்கும்" என்று 21 அல்லது 401 என்று ஆரம்பித்து நட்சத்திரக் குறியோடு ஒரு செல் நம்பரைச் சொல்வான். அதை அழுத்தினால் நமக்கு வரும் அழைப்பெல்லாம் அவன் போனுக்குத் திரும்பிவிடும். போன் வழியாகச் சொல்லப்படும் ஓ.டி.பி.யும் அவனுக்கே போகும். உண்மையான டெலிவரிப் பையன் நம்மை எந்த நம்பரையும் அழுத்தச் சொல்ல மாட்டான். அப்படி அழுத்தியவர் உங்கள் வீட்டில் இருந்தால் ##002# என்று அழுத்தினால் அது ரத்தாகும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு நல்லது.

ஆர்டரே கொடுக்காத பார்சல் வந்து பணம் கேட்டால் வாங்காதீர்கள். "வேண்டாம்னா ரத்து பண்ணறேன், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க" என்றால் கதவைச் சாத்திவிடலாம். வயதானவர்களிடம் இதை அவசியம் சொல்லி வையுங்கள்.

அந்தப் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்

கோபம் வரும்போது நம் கண்ணில் படுவது வாசலில் நிற்கும் பையன்தான். மூன்று மாடி ஏறி வியர்த்துப் போய் நிற்கிறவனிடம் கம்பெனியின் தப்பையெல்லாம் கொட்டி என்ன பயன்? புகாரைக் கம்பெனிக்கு அனுப்புங்கள். பையனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். இவர்கள் நிலைமையும் மெல்ல மெல்ல அரசின் கவனத்துக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்கென்று தனி நலவாரியம் அமைப்பதாக 2023 சுதந்திர தினத்தன்று முதல்வர் அறிவித்தார். மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் பையனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். பார்சலை வாங்கும்போது, "தம்பி, நலவாரியத்துல பதிஞ்சுட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

இவ்வளவும் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்காகவா என்று யாராவது கேட்டால் கணக்கை இப்படிப் போட்டுக் காட்டுங்கள். சாமானின் விலை ஒன்று. அதற்காக வெளியே போகாமல் காத்திருந்த நாட்கள் இரண்டாவது. அது இல்லாமல் சமாளித்த சமையல் மூன்றாவது. கம்பெனி முதல் கணக்கை மட்டும் பார்க்கிறது. மற்ற இரண்டையும் நாம்தான் எழுத்தில் வைக்க வேண்டும். புகாரில் எழுதுங்கள்: "மூன்று நாளும் காலை எட்டு முதல் மாலை ஏழு வரை வீட்டில் இருந்தேன்." இது வெறும் புலம்பல் அல்ல, சாட்சியம்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். சமையலறைக் காலண்டரில் 1915, 1930 என்ற இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி மாட்டுங்கள். பக்கத்தில் குக்கர் மாடல் எண்ணையும் எழுதிவிடுங்கள். அடுத்த காஸ்கெட் எப்போது இறுகும் என்று யாருக்குத் தெரியும்?